விழுந்த நாளைக் காட்டும் அலை

“சித்தப்பா, பங்கு விலை எப்போ விழும்னு இந்த மென்பொருள் முன்னாலேயே சொல்லிடுமாம். ஏதோ வேவ்லெட் கணக்காம். மூவாயிரம் வெள்ளிதான்” என்று கைப்பேசியை நீட்டினான் செமினியில் இருக்கும் என் அண்ணன் மகன்.

ஒரு தாளை எடுத்தேன். நான்கு நாள் விலை: 1.00, 1.02, 0.80, 0.78 வெள்ளி. முதல் இரண்டு நாளின் சராசரி 1.01. அடுத்த இரண்டு நாளுக்கு 0.79. வித்தியாசம் 22 சென். வேவ்லெட்டில் மிக எளிய வகையான ஹார் வேவ்லெட்டின் அடிப்படை இதுதான். விலைப் பட்டியல் நெடுக இப்படி ஒப்பிட்டுக்கொண்டே போனால், விலை தாவிய இடத்தில் வித்தியாசம் பெரிதாகும். நாள்களைக் கூட்டினால் நீண்ட போக்கு தெரியும். குறைத்தால் திடீர் அதிர்ச்சி தெரியும்.

2008 மார்ச் 8, சனிக்கிழமை பொதுத்தேர்தல். திங்கட்கிழமை சந்தை திறந்ததும் கோலாலம்பூர் பங்குக் குறியீடு மளமளவெனச் சரிந்தது. வர்த்தகத்தையே ஒரு மணி நேரம் நிறுத்தினார்கள். அன்றைய வீழ்ச்சி 9.5 விழுக்காடு. அந்த நாளை இந்தக் கணக்கு சரியாகப் பிடிக்கும். ஆனால், திங்கட்கிழமை விலை கைக்கு வந்த பிறகுதான். வெள்ளிக்கிழமை வரையிலான விலையில் தேர்தல் முடிவு ஏது?

ஒரு பங்கு முன்பு எத்தனை முறை இப்படி விழுந்தது என்று பார்த்து, எவ்வளவு பணம் போடலாம் என்று முடிவெடுக்க இது உதவும். நாளை விழுமா என்று சொல்லாது. சொல்லும் என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.