புதைத்தால் அழுகும் செடி

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த ஒரு மாலையில், நம் கல்லூரி மாணவர் ஒருவர் பொலித்தீன் பையொன்றுடன் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். பைக்குள்ளே கறுத்து நைந்துபோன ஒரு செடி. சிறுவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், தமது மீன்தொட்டிக்கென்று கொழும்பிலிருந்து வருவித்த ஜாவாப் பன்னம் அது.

"அழுகல் செடியைத் தந்து ஏமாத்திப்போட்டாங்கள் சேர். தொட்டியையே வித்துப்போடப் போறன்" என்றார்.

செடியைக் கையில் வாங்கிப் பார்த்தோம். விற்றவர்மீது குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. வேர்த்தண்டுக்கிழங்கு முழுவதிலும் மணல் அப்பியிருந்தது. செடியென்றால் மண்ணில் ஊன்றவேண்டும் என்பது அவர் கற்ற பாடம். அதனைக் கற்பித்தவர்களுள் நாமும் ஒருவர் அன்றோ? போதாக்குறைக்கு, பல ஆண்டுகளுக்கு முன் அனுபியாஸ் என்னும் ஆபிரிக்கச் செடியை இவ்வாறே மணலில் புதைத்து, அது அழுகிய நாற்றத்தில் வீட்டாரிடம் வசைகேட்டவர் நாம். ஆதலின் அவரை நகையாடும் தகுதி நமக்கு இருக்கவில்லை.

ஜாவாப் பன்னம் தென்கிழக்காசிய நாடுகளின் ஓடைகளிலே பாறைமீதும் மரவேர்மீதும் பற்றி வளர்வது. அனுபியாஸும் மேற்கு, மத்திய ஆபிரிக்க ஓடைகளில் பெரும்பாலும் அவ்வாறே வாழ்வது. இவற்றின் வேர்களுக்குப் பற்றிக்கொள்வதே முதற்கடமை. உணவைப் பெரும்பாலும் நீரிலிருந்தே இலைகளும் வேர்களும் பெற்றுக்கொள்கின்றன. தடித்துக் கிடையாகப் படரும் வேர்த்தண்டுக்கிழங்கை மணலுள் மூடினால், ஒட்சிசன் குறைந்த அவ்விடத்தில் அது அழுகத் தொடங்கும். கிழங்கு அழுகிய பின் இலை நிற்பது எங்ஙனம்? கட்டையில் ஒட்டி வாழ்வதனால் இவற்றைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணுதலும் தவறு. புல்லுருவி தான் ஏறிய மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணி. இவையோ இருக்க இடம் மட்டுமே கேட்கும் மேலொட்டிகள். நம் முற்றங்களில் தேங்காய்மட்டையில் கட்டித் தொங்கவிடும் ஓர்க்கிட்டைப் போல்வன.

இனிக் கட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். திருகோணமலையாருக்கு இதில் குறையில்லை. மத்திய மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கொட்டியாரக் குடாவிலேதான் கடலோடு கலக்கிறது. மாரி வெள்ளம் அடித்துவரும் மரங்களை அலை புரட்டிப் புரட்டி, பட்டை உரித்து, வழுவழுப்பாக்கிக் கரையில் ஒதுக்கிவிடுகிறது. அழகுக்கு இவற்றை வெல்ல எந்தத் தச்சராலும் இயலாது. எனினும் கடலில் ஊறிய கட்டை உப்பைத் தன்னுள் வைத்திருக்கும். கப்பற்புழு துளைத்த கட்டையாயின் துளைதோறும் உப்பு. அதனை நன்னீரில் வாரக்கணக்காக ஊறவைத்து, அடிக்கடி நீரை மாற்றவேண்டும். உப்பு நீங்கியதா என்று அறிய ஒரு வழியுண்டு; உயர்தர மாணவர் இதனை ஆசிரியர் முன்னிலையில் ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கலாம். ஊறிய நீரில் சிறிதெடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் சில துளிகள் விட்டால், குளோரைட்டு இருப்பின் வெண்ணிற வீழ்படிவு தோன்றும். ஆனால் நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீரே சற்று உவர். ஆகவே கிணற்று நீரையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இரண்டும் ஒரே அளவு கலங்குகின்றனவா என்று ஒப்பிடவேண்டும். கையில் பட்டால் கறுப்புக் கறை நாட்கணக்கில் போகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம்.

கட்டையிலிருந்து தனின் கசிந்து நீர் தேயிலைச் சாயம்போல் மாறினால் அஞ்சவேண்டாம். மீனுக்கு அதனால் பொதுவில் கேடில்லை. கட்டையை அவித்தெடுத்தால் சாயமும் குறையும், கட்டையும் விரைவில் நீரில் அமிழும். முதற் சில வாரங்களில் அதன்மீது வெண்ணிறச் சளிபோல் ஒன்று படர்ந்து தானே மறையும். பச்சை மரமோ சாறு கசிந்து அழுகும், ஆகாது. அழகிய வளைவுக்கு ஆசைப்பட்டுக் கடனீரேரி ஓரத்துக் கண்டல் வேரை ஒருவரும் வெட்டவேண்டாம். 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்ட கரையில் இதற்குக் காரணம் கூறவேண்டியதில்லை.

கட்டும் முறை எளிது. கிழங்கைக் கட்டையின்மேல் கிடத்தி, இலைகள் நூலில் அகப்படாவண்ணம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிடுக. இறுக்கினால் கிழங்கு வெட்டுப்படும். பருத்தி நூல் சில வாரங்களில் தானே உக்கிவிடும். அதற்குள் வேர் பற்றிவிட்டால் நன்று. ஜாவாப் பாசிக்கு நம் மீனவரின் தங்கூசி நூலே ஏற்றது. பாசியை மெல்லிதாகப் பரப்பவேண்டும். தடித்துக் குவித்தால் அடிப்பாகம் ஒளியின்றி அழுகும். சூப்பர் குளூவின் ஒரு துளியால் கிழங்கை ஒட்டுவோரும் உளர்; இறுகிய பின் அப்பசை தீங்கு செய்வதில்லை. நமக்கு நூல்தான் பிடிக்கும். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லையே!

இக்கலை எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்பதற்கு, யப்பானியப் புகைப்படக் கலைஞர் தக்காஷி அமானோ 2015 இல் லிஸ்பன் நகரின் கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் அமைத்த 40 மீற்றர் நீளத் தொட்டியே சான்று. மரக்கட்டையும் கல்லும் செடியுமாக ஒரு காட்டையே அவர் நீருள் நட்டுவிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

ஆயினும் எல்லாச் செடியையும் கட்டையில் கட்டப் புறப்படலாகாது. 1958 இல் டி விற் என்னும் டச்சு அறிஞர் பெயரிட்ட கிரிப்டோகொரைன் வெந்தி நம் இலங்கைத் தீவுக்கே உரியது. இன்று உலகெங்கும் மீன்தொட்டிகளில் வளர்கிறது. அது மண்ணில் வேரூன்றவேண்டியது. மூதுரையில் ஔவையார் உற்ற உறவுக்கு உவமை சொன்ன கொட்டியும் அத்தகையதே. பிரிக்கும் அடையாளம் வேர்த்தண்டுக்கிழங்கின் இயல்பில் உள்ளது. வாங்கும்போதே கேட்டறிதல் நன்று.

மாணவரின் செடியில், அழுகாமல் ஒரு விரற்கடைக் கிழங்கு எஞ்சியிருந்தது. அழுகியதைக் கூரிய கத்தியால் அரிந்துவிட்டு, சம்பூர்ப் பக்கக் கரையில் முன்பொருநாள் நாம் பொறுக்கி ஊறவைத்திருந்த கட்டையொன்றில் அவரையே கட்டச் சொன்னோம். தொட்டியை விற்பதை ஒரு மாதம் தள்ளிவைப்பதாக ஒப்புக்கொண்டு போனார்.

மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் கலவரத்தோடு வந்தார். இலையின் அடியில் கபிலப் புள்ளிகள், நோயாம். அவை பன்னத்தின் வித்திக் கூட்டங்கள் என்று விளக்கினோம். ஓர் இலையின் நுனியிலோ, வேரோடு கூடிய குட்டிச் செடியொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிள்ளி நம் கையில் தந்துவிட்டுச் சென்றார். இப்போது அது ஒரு கண்ணாடிக் குவளையில் மிதக்கிறது. எந்தக் கட்டையில் கட்டுவது என்பதில் வீட்டார் இன்னும் ஒருமனப்படவில்லை.