மரணப் பள்ளத்தாக்கின் மஞ்சள் புஷ்பம்



பெயரைக் கேட்டாலே நடுக்கம் தரும் இடமொன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உண்டு. அதன் பெயர் மரணப் பள்ளத்தாக்கு. அதன் மிகத் தாழ்ந்த பகுதி கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்கே குறிக்கப்பட்ட 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பமே உலகின் மிக உயர்ந்த வெப்பமாக இன்றும் ஏட்டில் நிற்கிறது. அதை ஐயுறுவோரும் உண்டு. ஆண்டு முழுவதற்கும் அங்கே பெய்யும் மழை ஏறக்குறைய 50 அல்லது 60 மில்லிமீட்டர்தான். மும்பையில் வாழும் நம் வாசகர்கள் 2005 ஜூலை 26-ஐ மறந்திருக்கமாட்டீர்கள். அன்று சாந்தாகுரூசில் கொட்டிய 944 மில்லிமீட்டர், அந்தப் பள்ளத்தாக்கின் 15 ஆண்டு மழையைவிட அதிகம்.

இந்த வனாந்தரத்தில்தான் ‘டெசர்ட் கோல்ட்’ என்னும் காட்டுப்புஷ்பம் மலருகிறது. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொன்மஞ்சள் இதழ்கள், இலைகளின்மேல் நரைத்தாற்போன்ற மெல்லிய ரோமங்கள். மணற்பாங்கான சமவெளிகளிலும், நீரோடி வற்றிய தடங்களிலும், சாலையோரச் சரளையிலும் இது வளரும்.

கள்ளியைப்போல நீரைச் சேமித்து, முள்ளால் தன்னைக் காக்கும் செடி என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு முள்ளுமில்லை, சதைப்பற்றுமில்லை. ஒரே பருவத்தில் வாழ்ந்து முடியும் மெல்லிய செடி. கொடிய கோடையில் இது செடியாகவே இராது; விதையாய் மண்ணுக்குள் கிடக்கும்.

அந்த விதை மழையை அளந்து பார்க்கும் விதமே வியப்பானது. சிறு தூறலுக்கு அது அசையாது. அரை அங்குலமாவது பெய்து, விதையின்மேல் உள்ள காப்புறை கழுவப்பட வேண்டும். ஃபிரிட்ஸ் வென்ட் என்னும் தாவரவியலார் இத்தகைய பாலைச் செடிகளின் விதைகளை ஆராய்ந்தார். மேலிருந்து நீர் பொழிந்தபோது முளைத்த விதைகள், அடியிலிருந்து ஈரம் ஏறியபோது முளைக்கவில்லை. குளிர்காலச் செடிகளின் விதைகள் குளிர்ந்த ஈரத்தையே ஏற்றன. வெப்பத்தில் நனைத்தபோது கோடைச் செடிகளே எழும்பின.

நல்ல மழை வந்தாலும் பாலைச் செடிகளின் விதைகள் அனைத்தும் ஒருசேர முளைப்பதில்லை. ஒரு பங்கு மண்ணிலேயே தங்கிவிடும். அடுத்த மழை பொய்த்தாலோ, வறண்ட காற்று வீசினாலோ, முளைத்தவை அனைத்தும் கருகிப்போகும். தங்கியவை இராவிட்டால் அவ்விடத்தில் அந்த இனமே அற்றுப்போகும். இதை 1966-இல் டான் கோஹன் என்பவர் கணித முறையில் விளக்கினார். சம்பளம் வந்த அன்றே முழுவதையும் செலவழிக்காத நம் தாய்மாருக்குக் கணிதம் தேவைப்படவில்லை என்பது வேறு.

முளைத்த செடி முதலில் தரையோடு படிந்து இலைவிடும். பின்பு தண்டு எழும்பும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் பூக்காலம். “ஓரிரவில் பூத்த பாலைவனம்” என்று சுற்றுலா விளம்பரங்கள் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. 2016-இல் உலகமே படம்பிடித்த மலர்ப்பெருக்கிற்கு 2015 அக்டோபரிலேயே மழை பெய்திருந்தது. இடைப்பட்ட மாதங்களில் செடிகள் வேரூன்றி வளர்ந்துகொண்டிருந்தன.

அதற்குமுன் அத்தகைய பெருக்கு 2005-இல் வந்தது, அதற்குமுன் 1998-இல். அங்குள்ள தேசியப் பூங்காவில் ஒரு மலரையும் பறிக்கக்கூடாது என்பது சட்டம். படமெடுக்க வருவோரின் காலடியில் நசுங்கும் செடி விதை தராது. அந்த விதையோ பல ஆண்டுகளுக்கான இருப்பு.

மழை குறைந்த ஆண்டுகளிலும் சில செடிகள் எழும்புவதுண்டு. செழிப்பான ஆண்டில் இடுப்பளவு வளரக்கூடிய அதே செடி, அப்போது விரல் நீளமே வளர்ந்து, ஒரேயொரு பூவைப் பூத்து, அதன் விதைகளை மணலில் உதிர்த்துவிட்டுக் கோடைக்குமுன் காய்ந்துவிடுகிறது.