இரண்டாவது தொட்டில்

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் சந்தைக்கு, பொழுது நன்றாகப் புலருமுன்பே ஆட்டுக்குட்டிகளை இழுத்துக்கொண்டும் தேங்காய் மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டும் ஜனங்கள் வந்து சேர்கிற அந்த நேரத்தில், சென்ற மாதம் ஒரு நாள், காய்கறிக் கடைகளின் வரிசைக் கோடியில் நான் கண்ட காட்சி ஒன்று இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. வேப்பமரக் கிளையில் பழைய புடவை ஒன்றைத் தூளியாகக் கட்டி, அதில் எட்டு மாதக் குழந்தையைப் படுக்கவைத்து, தூளியோடு பிணைத்த மெல்லிய கயிற்றின் மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, ஓர் இளந்தாய் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தாள். வலக்கையில் தராசு, இடக்கையில் சில்லறை. வாய் விலை சொல்லிக்கொண்டிருக்க, கால்விரல் மட்டும் கணமும் ஓயாமல் அசைந்து தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் பேரம் பேசுகையில் அவள் ஒருமுறை கயிற்றை மறந்தாள். உடனே தூளிக்குள் சிணுங்கல் எழுந்தது. எடைக்கல்லை எடுத்து வைத்த அந்த வேகத்திலேயே கால்விரலும் மறுபடி அசையத் தொடங்கியது.

குழந்தையை வீட்டில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா என்று கேட்டேன். "எங்கம்மா வுட்டுட்டு வரச் சொல்றீங்க? மாமியாரு பூப் பறிக்கப் போயிருக்குது. அவரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை. பால்வாடில கேட்டா, ரெண்டு வயசு ஆவட்டும்னுட்டாங்க" என்றாள். அவள் குரலில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பதைப் போல, உலகத்தின் இயல்பு இதுதான் என்று அவள் சொன்னாள். எனக்கோ அந்த இயல்பை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் முப்பது வருஷங்களுக்கு முன்பு நானும் அதே கேள்விக்கு விடை தெரியாமல் தவித்தவள்.

அப்பொழுது எனக்குத் தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் உத்தியோகம். காரிமங்கலத்திலிருந்து போக ஏறக்குறைய 25 கிலோமீட்டர், வர அவ்வளவு. மூன்று மாதம் நிரம்பிய கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுக் காலை வண்டியைப் பிடிப்பேன். பிற்பகல் மூன்று மணிக்கு மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பேரேட்டின் மீது குனிந்து உட்காருவேன். ஒரு நாள் இரவு, ஊருக்குள் வராத வண்டியில் ஏறிவிட்டதால் நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடப்பட்டு, லாரிகளின் வெளிச்சத்தில் வழி பார்த்து நடந்து வீடு சேர்ந்தபோது, "உன் மகன் இன்றைக்கு மூன்று அடி நடந்தான்" என்று பாட்டியம்மாள் வாசலிலேயே சொன்னார். அடுத்த நாளும் நடந்தான். அதற்கடுத்த நாளும் நடந்தான். ஆனால் அந்த முதல் மூன்று அடிகளை நான் பார்க்கவில்லை. காது குத்துக்கும் முடியிறக்கத்துக்கும் நாள் பார்த்து, உறவினரையெல்லாம் அழைத்து, எங்கள் ஊர் அருணேசுவரர் மலைக்கோயிலின் படியேறி விமரிசையாகச் செய்தோம். பஞ்சாங்கத்தில் நாள் குறிக்கத் தக்க வைபவங்கள் எல்லாம் எனக்குக் கிட்டின; நாள் குறிக்க முடியாதவற்றையே நான் இழந்தேன். முதல் சொல்லும் முதல் நடையும் முதன்முதல் தானாகவே ஓர் உருண்டைச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோன நேரமும் வேலைநாளின் நடுப்பகலில் நிகழ்ந்துவிடுகின்றன.

என் சொந்தத் துக்கத்தைப் பெரிதாக்குவதற்காக இதை எழுதவில்லை. நிழலும் மாதச் சம்பளமும் இருந்த எனக்கே இப்படியென்றால், விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு குண்டுமல்லி மொக்குப் பறிக்கப் போகிறவளுக்கும், வெயிலேறினால் மொக்கு மலர்ந்து விலையிழந்துவிடும் என்பதால் பசித்தழும் பிள்ளையை வரப்பில் விட்டுவிட்டுச் செடிகளின் நடுவே நிற்கிறவளுக்கும், பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் காட்டில் கூலிக்குக் குனிகிறவளுக்கும் எப்படியிருக்கும் என்பதே என் கவலை.

எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்கும் தொட்டிலுக்கும் ஒரு சோகமான சம்பந்தம் உண்டு. பிறந்த பெண்சிசுவைக் கொன்றுவிடும் கொடுமை சேலம், தர்மபுரி வட்டாரங்களில் பரவியிருந்ததை நாடே அதிர்ச்சியோடு கேட்ட காலத்தில், 1992ஆம் ஆண்டு சேலத்தில் சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது தர்மபுரிக்கும் விரிந்தது. 'கொல்லாதே, வேண்டாமென்றால் இந்தத் தொட்டிலில் இட்டுவிட்டுப் போ' என்பதே அதன் சாரம். பெற்றவளே பிள்ளையைத் துறப்பதற்கு வழி செய்து கொடுக்கலாமா என்ற ஆட்சேபம் அன்று எழுந்தது. அந்த ஆட்சேபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் உயிர் பிழைப்பது முதற்காரியம் என்ற வகையில் அந்தத் தொட்டிலை நான் குறைகூற மாட்டேன். நான் கேட்பது வேறு. பிள்ளையைக் கைவிடுகிறவளுக்கு ஒரு தொட்டிலை வைத்த நாம், எத்தனை வறுமையிலும் பிள்ளையைக் கைவிடாமல் இடுப்பில் சுமந்துகொண்டு வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு தொட்டிலை இதுவரை ஏன் வைக்கவில்லை?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். தமிழ்நாட்டில் அரசு ஊழியராகிய தாய்க்கு 2016இல் ஒன்பது மாதமாக்கப்பட்ட பேறுகால விடுப்பு 2021இல் ஓராண்டாக உயர்ந்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு பிரசவங்களுக்கு விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் அது விதித்தது. ஏழைக் கர்ப்பிணிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இல் திறக்கப்பட்டன. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அடுத்த ஆண்டில், ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்று அறிவித்தார்கள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம்களை முதலமைச்சர் 2023 ஜூலையில் தொடங்கிவைத்தது நமது மாவட்டத்துத் தொப்பூரில்தான். பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் சிற்றுண்டியும் மத்தியானம் சாப்பாடும் உண்டு.

இவ்வளவையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கையில்தான் நடுவே உள்ள பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது. விடுப்பு என்பது நியமன உத்தரவு உள்ளவளுக்கு. காப்பகம் என்பது 50 பேர் வேலை செய்யும் ஸ்தாபனத்துக்கு. சந்தையிலும் பூந்தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் வருகைப் பதிவேடு ஏது? அங்கன்வாடி, அதாவது நம் ஜனங்களின் வாயில் இன்றும் பால்வாடி, இரண்டு மூன்று வயதானபின் குழந்தையை உட்கார வைத்துக்கொள்கிறது, பிற்பகலோடு மூடிவிடுகிறது. ஆறு மாதக் குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை, மனித வாழ்வில் தூக்கிக்கொள்ள ஒரு கை எப்பொழுதும் தேவைப்படுகிற அந்த இரண்டரை வருஷத்தில், கூலிக்காரத் தாயின் பிள்ளைக்கு ஊரில் ஓர் இடம் இல்லை. டவுன் பஸ்ஸில் காசில்லாமல் அவள் ஏறலாம்; இடுப்பில் இருக்கும் பிள்ளையை எங்கே இறக்குவது?

நூறு நாள் வேலைக்காக 2005இல் இயற்றிய சட்டம் இந்தப் பள்ளத்தைக் கண்டுகொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். தாய்மாரோடு வருகிற, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ வேலைத் தளத்தில் இருந்தால், வேலைக்கு வந்த பெண்களிலேயே ஒருத்தியை அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமித்து, அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். எத்தனை எளிய யோசனை! ஆயினும் நான் கண்ட ஏரி வேலைகளில் கரைமேட்டுப் புளிய மரங்களில் தூளிகள்தான் தொங்கின. பார்த்துக்கொள்ளக் கூலியோடு ஒருத்தி உட்கார்ந்திருந்ததை நான் கண்டதில்லை. மண் சுமக்கிறவளே நடைக்கு ஒரு தரம் தூளியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வேறெங்கும் நடவாத காரியத்தை நான் கேட்கவில்லை. 1969இல் டில்லி ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியிலும் வெயிலிலும் கிடந்த சித்தாள்களின் குழந்தைகளைக் கண்டு மனம் பொறாத மீரா மகாதேவன் என்ற பெண்மணி, அங்கேயே ஒரு காப்பகத்தைத் தொடங்கினார். கட்டட வேலை எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகிற காப்பகம் என்பதால் அந்த ஸ்தாபனத்துக்கு 'மொபைல் கிரெஷ்' என்றே பெயர் வந்தது. குஜராத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் தங்கள் காப்பகங்களைக் கூட்டுறவாகவே நடத்துகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய ஆண்களும் பெண்களும் கட்டட வேலைக்கு ரெயிலும் பஸ்ஸும் ஏறிப் போகிற கர்நாடகத்தில், 2023இல் 'கூசின மனே' என்ற திட்டத்தை அறிவித்து, 4,000 கிராம ஊராட்சிகளில், வேலைக்குப் போகும் தாய்மாரின் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகங்கள் அமைக்க முற்பட்டார்கள். பச்சைக் குழந்தையின் வீடு என்பது அந்தப் பெயரின் பொருள். கன்னடம் காதில் விழுந்து பழகிய நம் மாவட்டத்தாருக்கு அதை நான் மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. மத்திய சர்க்காரும் 'பால்னா' என்று தொட்டிலின் பெயராலேயே ஒரு திட்டம் வைத்து, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்களில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை ஏற்கலாம் என்று சொல்கிறது. ஆகவே காகிதத்தில் இடம் இருக்கிறது. காரிமங்கலத்துச் சந்தைக்கு அருகே ஓர் அறை வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பாட்டி எதற்கு இருக்கிறாள் என்று சிலர் கேட்கிறார்கள். பாட்டியின் மடியைவிடச் சிறந்த இடம் குழந்தைக்கு உண்டென்று நானும் சொல்ல மாட்டேன். என் மகன் வளர்ந்ததே அப்படிப்பட்ட ஒரு மடியில்தான். ஆனால் அந்தச் சந்தைப் பெண்ணின் மாமியார் எங்கே இருந்தாள்? பூந்தோட்டத்தில். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் பாட்டியாகிவிடுகிற நம் கிராமத்துப் பெண்கள் கூலிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் எப்பொழுதாவது இருந்ததா என்பதே எனக்குச் சந்தேகம். இன்னும் பல வீடுகளில், மகனும் மருமகளும் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போய்விட, முழங்கால் வலியோடு இரண்டு மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிற முதிய பெண்களை நான் அறிவேன். அவர்களும் மாலையில் சற்றுக் காலை நீட்டி உட்கார வேண்டாமா?

தகப்பன்மாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். 2019ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரக் கணக்கில், கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம், ஆண் செலவிடுவது 97 நிமிஷம் என்று கண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. பெண்ணின் சுமையில் பத்து நிமிஷம் குறைந்தது என்று மகிழ்வதற்குள், ஆணின் பங்கிலும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டிருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் தெரிந்த ஆண்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு வெட்கம் தரும் காரியம் என்ற எண்ணம் போனாலன்றி இந்தக் கணக்கு மாறாது. காப்பகம் வந்தாலும் காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதும் மாலையில் அழைத்துவருவதும் தாயின் தலையிலேயே விழக்கூடாது.

நான் கேட்கும் அறைக்குப் பெரிய மாளிகை வேண்டாம். ஓட்டுக் கூரை போதும். தரை குளிர்ந்திருக்க வேண்டும். விட்டத்தில் ஆறு தூளிகள், தவழும் பிள்ளை படியிறங்காமல் ஒரு தடுப்பு, காய்ச்சி ஆறிய தண்ணீர், காலையிலும் மாலையிலும் சத்துமாவுக் கஞ்சி, தாய் வந்து பாலூட்ட ஒரு மறைவு. அங்கன்வாடி ஊழியரின் தலையில் இன்னொரு பொறுப்பாக இதைச் சுமத்திவிடாமல், பிள்ளை வளர்த்துக் கைதேர்ந்த உள்ளூர்ப் பெண்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு மதிக்கத்தக்க சம்பளமும் கொடுக்க வேண்டும். நேரத்தை அலுவலகக் கடிகாரத்தைப் பார்த்து வைக்கக்கூடாது. பூப்பறிப்பவளுக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். சந்தை நாளில், கடைசி மூட்டை கட்டியாகும்வரை விளக்கெரிய வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் தங்கவும் ஓட்டுநர்கள் இளைப்பாறவும் இடம் தேடிக் கொடுக்கிற நமக்கு, பிள்ளைகளுக்கு ஓர் அறை தேடுவது பெரிய காரியமல்ல. ஊராட்சிகளில் கட்டி முடித்துப் பூட்டியே கிடக்கிற சமுதாயக் கூடங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் சந்தையை விட்டுக் கிளம்பும்போது வெயில் ஏறியிருந்தது. வேப்பமரத்தின் நிழல் நகர்ந்துவிட்டதால், அவள் கூடையோடு தானும் நகர்ந்து உட்கார்ந்து, கயிற்றை இன்னும் ஒரு முழம் நீட்டிக் கட்டைவிரலில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். தக்காளி பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.