பூனைக்குட்டிக்குப் பினாயில் ஆகாது
வீட்டுக்குப் பூனைக்குட்டி வந்த மறுநாளே மீன் வாடையும் வந்துவிடும். கை தானாகப் பினாயில் பாட்டிலைத் தேடும். வேண்டாம். கறுப்புப் பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் விஷம் உள்ளே போகும். வெள்ளைப் பினாயிலில் சேரும் பைன் எண்ணெயும் ஆகாது. தரைக்கு சோப்புத் தண்ணீர் போதும்.

வாடை கிளம்புவது பெரும்பாலும் தட்டிலிருந்துதான். பிளாஸ்டிக் கீறல்களில் பிசுக்கு தங்கிவிடும், எவர்சில்வர் தேவலை. கொஞ்சமாகப் பரிமாறி, கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிரித்த டின்னை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் ஜில்லென்று வைத்தால் குட்டி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். பூனைக்கு மூக்கு சம்மதித்தால்தான் வாய் திறக்கும். ஒரு கரண்டி வெந்நீர் கலந்து கொடுங்கள். வாடை சற்றுத் தூக்கலாக வரும், தட்டு காலியாகும்வரைதான்.