சீட்டுப் பணமும் பழைய காரும்

மாமியாரை வாரம் இரண்டு நாள் டயாலிஸிஸுக்கு அழைத்துப் போக ஆட்டோ கட்டுப்படியாகவில்லை. சீட்டு எடுத்த பணத்தில், இரண்டரை லட்சத்துக்குப் பழைய கார் வாங்கினோம். "சிங்கிள் ஓனர் வண்டிம்மா, 40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார் கடைக்காரர். பத்தாம் நாள் பாதி வழியில் நின்றுவிட்டது. வேகாத வெயிலில், நடுரோட்டில் மாமியார்!

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "பெடல் ரப்பர் இப்படித் தேய்ஞ்சிருக்கே? மீட்டரைத் திருப்பியிருக்காங்கக்கா." சர்வீஸ் சென்டரில் வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வருஷம் முன்பே 87,000!

"போனது போகட்டும், நமக்கெதுக்கு வம்பு?" என்றார் இவர். எனக்கு மனசு ஆறவில்லை. கடைக்காரரோ, "பழசுன்னா அப்படித்தான். ரிப்பேர் பண்ணித் தர்றேன்" என்று மழுப்பினார். பழசு என்று தெரிந்துதானே வாங்கினோம். பொய்யையும் சேர்த்தா வாங்கினோம்?

பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபால் அனுப்பினேன். ரசீது, அவர் கொடுத்த விளம்பரம், சர்வீஸ் விவரம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்தேன். (ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரிகளே!) 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதையும் எழுதி, 15 நாள் கெடு வைத்தேன். 1915-க்குப் போன் செய்து புகாரும் பதிந்தேன்.

பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து ஆள் வந்தது. பேர் மாற்றிய செலவென்று 4,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். 29, 30-ம் நம்பர் ஃபாரங்களில் கடைக்காரர் கையெழுத்து விழுந்த பிறகே சாவியைக் கொடுத்தேன்.

மாமியார் இப்போதும் ஆட்டோவில்தான் போகிறார்.