உறுதி ஆரிட பேரில இருக்கு?

லிங்கநகரிலும் உவர்மலையிலும் உப்புவெளியிலும் எங்களுக்குத் தெரிந்த நிறைய வீடுகளில் இப்போது ஒரு சின்ன வியாபாரம் நடக்கிறது. கேக் செய்து குடுக்கிற அக்கா, சட்டை தைக்கிற தங்கச்சி, கருவாடு பொதி பண்ணிக் கொழும்புக்கு அனுப்புற மாமி, நிலாவெளியில் இரண்டு அறையை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுற அண்ணை. எல்லாருக்கும் பேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது, வட்ஸ்அப்பில் ஒரு இலக்கம் இருக்கிறது. வியாபாரம் கொஞ்சம் எழும்பினதும் "ஒரு வெப்சைட் போடுவமே?" என்ற கதை வரும். அதோடயே அடுத்த கேள்வியும் வரும்: எதில செய்யிறது? வேர்ட்பிரஸா, விக்ஸா, ஷொப்பிஃபையா?

கூகிளில் தேடினால் ஆயிரம் ஒப்பீடுகள் கிடைக்கும். எது லேசு, எது வடிவு, எது மலிவு என்று எல்லாம் அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். அவை பிழை இல்லை. ஆனால் அவை டொலரில் உழைத்து டொலரில் செலவழிக்கிற ஆக்களுக்கு எழுதினவை. எங்கட ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நாங்கள் நினைக்கிறோம். கட்டினதை விட்டு நாளைக்கு வெளியே போகவேண்டி வந்தால், எதைத் தூக்கிக்கொண்டு போகலாம்?

திருகோணமலையில் வளர்ந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வீடு கட்டினது நீங்கள்தான், கிணறு வெட்டினதும் நீங்கள்தான், மரம் வைத்ததும் நீங்கள்தான். ஆனால் உறுதி ஆரிட பேரில? எந்தக் காணிக் கதையும் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். இணையத்திலும் அதே கதைதான்.

முதலில் பேஸ்புக்கை எடுப்போம். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, போராட்டக் காலத்தில், இன்னொரு தடவை. இதற்கிடையில் 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஒரு அரசாங்கமும் தடுக்காமலே பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் அளவில் விழுந்து கிடந்தன. எங்களைப் போன்ற ஆக்கள் வீபிஎன் போட்டு முடக்கத்துக்குள்ளால் நுழைந்திருப்போம். கருவாட்டுக்கு ஓடர் குடுக்கிற வயதுபோன அம்மா வீபிஎன்னுக்கு எங்கே போவா? சொந்த முகவரியில் ஒரு தளம் வைத்திருந்தவர்களின் கடை அந்த நாட்களிலும் திறந்துதான் இருந்தது.

"அப்ப இலவசமா ஒரு தளம் செய்வம்" என்றால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. கூகிள் வரைபடத்தில் கடையைப் பதிந்த சின்ன வியாபாரிகளுக்கு, ஒரு பக்கத் தளம் ஒன்றைக் கூகிளே இலவசமாகச் செய்து குடுத்தது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. அறிவித்தல் தந்துதான் மூடியது, சட்டப்படி பிழையே இல்லை. இலவசமாய் இருந்த வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்பத்தானே வேணும்.

இனி மென்பொருட்களுக்கு வருவோம்.

விக்ஸ் 2006இல் தொடங்கினது. இழுத்து இழுத்து வைத்து ஒரு பின்னேரத்துக்குள் பார்க்கக்கூடிய மாதிரி ஒரு தளம் செய்துவிடலாம். ஆனால் விக்ஸில் செய்த தளம் விக்ஸின் சேர்வரில் மட்டும்தான் ஓடும். வெளிக்கிடும்போது பொருட்களின் பட்டியலை எடுக்கலாம். தளத்தை எடுக்க முடியாது. வேறு இடத்தில் திரும்ப முதலில் இருந்து கட்டவேணும்.

ஷொப்பிஃபை கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்ற ஒரு கடையில் இருந்து பிறந்தது, அதுவும் 2006இல். கடைக்காரர் செய்த மென்பொருள் என்பது பாவிக்கும்போதே தெரியும். சரக்குக் கணக்கு, ஓடர், தள்ளுபடி எல்லாம் ஒழுங்காக இருக்கும். பிரச்சினை காசில். மாதக் கட்டணம் டொலரில் கணக்கு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கடையில் ஒரு பொருளும் கூட விற்காமலே வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது! அதோடு ஷொப்பிஃபையின் சொந்தக் கட்டணச் சேவை இலங்கையில் இல்லை. வெளியில் உள்ள சேவையை இணைத்தால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 வீதம் மேலதிகமாக எடுப்பார்கள். அந்த வெளிச் சேவையின் கழிவு வேறு.

வேர்ட்பிரஸ் 2003இல் வந்த திறந்த மூல மென்பொருள். கடை போடுவதற்கான வூகொமர்ஸ் என்ற நீட்சி 2011இல் வந்தது. இரண்டையும் காசில்லாமல் எடுக்கலாம். ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: வேர்ட்பிரஸ் டொட் கொம் ஒரு நிறுவனத்தின் வாடகை வீடு, வேர்ட்பிரஸ் டொட் ஓர்க் மென்பொருளை இறக்குகிற இடம். நாங்கள் சொல்வது இரண்டாவதை. ஹோஸ்டிங்கை உள்ளூரிலேயே ரூபாவில் வாங்கலாம். பிடிக்காவிட்டால் தளத்தை அப்படியே மூட்டை கட்டி இன்னொரு ஹோஸ்டிங்குக்குக் கொண்டு போகலாம்.

ஆனால் இதையும் புனிதமாக்கத் தேவையில்லை. வேர்ட்பிரஸ் வளர்ப்புப் பிள்ளை மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்கவேணும். நீட்சிகளைப் புதுப்பிக்காமல் விட்டால் ஒருநாள் உங்கட கருவாட்டுக் கடை சூதாட்ட விளம்பரம் காட்டும். 2024 செப்டெம்பரில் வேர்ட்பிரஸின் தலைமைக்கும் ஒரு பெரிய ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் சண்டை வந்து, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு நீட்சிகளைப் புதுப்பிக்கிற வழியே கொஞ்ச நாள் அடைபட்டது. திறந்த மூலத்திலும் சண்டியர் இருக்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அடைபட்ட ஆக்கள் தங்கட தளத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகக்கூடியதாக இருந்தது.

எங்கட நிலைமைக்கு இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது. ஒன்று காசு வாங்குற வழி. பேபல் இலங்கையில் பல வருஷமாக அனுப்புவதற்கு மட்டும்தான், வாங்குவதற்கு இல்லை. அதனால் பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவையை இணைக்க முடியுமா என்பதை முதலே பார்க்கவேணும். வூகொமர்ஸில் அது முடியும். பொருள் கையில் கிடைத்ததும் காசு, வங்கியில் போட்டுவிட்டுத் துண்டை அனுப்புவது என்ற எங்கட பழைய இரண்டு முறையும் அதில் தொடக்கத்திலேயே இருக்கின்றன.

மற்றது தமிழ். தெரிவு செய்கிற வடிவமைப்பில் "நெத்தலிக் கருவாடு", "கொழுக்கட்டை" என்று அடித்துப் பாருங்கோ. கொம்பு தனியாக நிற்குதா, மேல் விசிறி வெட்டுப்படுதா என்று கவனியுங்கோ. பற்றுச்சீட்டை பீடிஎஃப் ஆக எடுத்தும் பாருங்கோ, அங்கேதான் கூடுதலாக உடையும். அச்சகத்தில் பாமினியில் அடித்துத் தந்த விபரத்தை அப்படியே ஒட்டாதேயுங்கோ. திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், தேடுற ஆக்களுக்கும் பிடிபடாது. எல்லாம் யூனிகோடில் இருக்கவேணும். வேர்ட்பிரஸுக்கு இலங்கைத் தமிழ் என்று தனியான மொழித் தெரிவே இருக்கிறது. முகவரியையே தமிழில் வைக்க விரும்பினால் .இலங்கை என்ற ஆள்களத்துக்கு 2010இலேயே அனுமதி கிடைத்துவிட்டது.

அப்ப எங்கட முடிவு என்ன? ஊருக்குள்ளேயே கேக் விற்கிற அக்காவுக்கு இப்போதைக்குக் கடை மென்பொருளே தேவையில்லை. சொந்த டொமைனில் ஒரு பக்கம், அதில் படங்களும் விலையும் வட்ஸ்அப் இலக்கமும் போதும். நிலாவெளி அண்ணைக்கும் அப்படித்தான். முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு அறைக்கும் கழிவு எடுக்கும். ஒருக்கா வந்து தங்கிப் போனவர் அடுத்த முறை நேரே தொடர்புகொள்ள ஒரு முகவரி இருந்தால் அந்தக் கழிவு அவருக்கே மிஞ்சும். நாட்டுக்குள் பொதி அனுப்புற கருவாட்டு மாமிக்கு, வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை இருந்தால், வூகொமர்ஸ். பார்த்துக்கொள்ள ஆளே இல்லை, ஓடர் நிறைய, வெளிநாட்டிலும் விற்பனை என்றால் டொலர்க் கணக்கைத் தெரிந்துகொண்டு ஷொப்பிஃபைக்குப் போகலாம். பேஸ்புக்கை விடவேண்டியதில்லை. அது சந்தை, ஆக்கள் கூடுற இடம். கடை வேறு.

எதைத் தெரிந்தாலும் மூன்று சாமான் கையில் இருக்கவேணும். டொமைன் வியாபாரக்காரரின் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் பதியப்பட்டிருக்க வேணும். பொருட்களின் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மாதம் ஒருக்கா இறக்கி வைக்கவேணும். அந்தப் பட்டியலில் மற்ற ஆக்களின் இலக்கங்கள் இருக்கின்றன, அதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, ஆகவே கண்டபடி பகிரக்கூடாது. மூலப் படங்கள் தளத்தில் மட்டும் இல்லாமல் வீட்டிலும் இருக்கவேணும்.

கடைசியாக ஒன்று, இது எங்கட ஆக்களுக்கு. இந்தத் தளங்களைச் செய்து குடுக்கிற பொடியன்களும் பிள்ளைகளும் நாங்கள்தான். லேசு என்பதற்காக டொமைனை எங்கட பெயரில் பதிகிறோம், எங்கட மின்னஞ்சலைக் குடுக்கிறோம், கடவுச்சொல்லை எங்கட போனில் வைத்திருக்கிறோம். பிறகு படிக்கப் போகிறோம், கட்டாருக்கோ கனடாவுக்கோ போகிறோம், இலக்கம் மாறுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வாற மின்னஞ்சல் ஆரும் பார்க்காத பெட்டியில் விழுகிறது. ஒரு காலையில் மாமியின் கடை இல்லை. பெரிய நிறுவனம் மூடினால் அறிவித்தலாவது வரும். நாங்கள் போனால் அதுவும் வராது.

ஆகவே தளத்தைக் குடுக்கிற அன்றைக்கே டொமைன், ஹோஸ்டிங், மென்பொருள் மூன்றின் பெயரையும் கடவுச்சொல்லையும் புதுப்பிக்கிற திகதியையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, கடித உறையில் போட்டு மாமியிட கையில குடுங்கோ. காணி உறுதி வைக்கிற அதே அலுமாரியில் அவ அதைப் பத்திரமாக வைப்பா.