நோய் நீங்கியும் நீங்காத சட்டம்

இளங்கலைத் தமிழ் இறுதியாண்டில் நாங்கள் மூவர் இணைந்து ‘சட்டத் தமிழும் மனித உரிமையும்’ என்னும் பொருளில் சிற்றாய்வொன்று மேற்கொண்டோம். மேடைகளில் பலகாலும் பேசப்படும் செய்திகளையே தொகுத்து எழுதிவிடலாம் என்றெண்ணித்தான் தொடங்கினோம். அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பைப் படித்தபோது அவ்வெண்ணம் மாறிற்று. மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரில் அரசு வேற்றுமை பாராட்டலாகாதென அவ்வுறுப்பு கூறுகிறது. நோய் அப்பட்டியலில் இல்லை. அங்ஙனமாயின் நோயின் பேரில் வேற்றுமை பாராட்டிய சட்டங்கள் உண்டோ எனத் தேடப் புகுந்தோம். தொழுநோய் எதிர்ப்பட்டது.

முதலில் கிடைத்தது 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம். பொதுவிடத்தில் இரந்துண்ணும் தொழுநோயாளரையும், பிழைப்புக்கு வழியின்றித் திரியும் தொழுநோயாளரையும் காவலர் பிடியாணையின்றிக் கைதுசெய்ய அச்சட்டம் இடமளித்தது. காப்பகத்தில் அடைக்கவும் வழிசெய்தது. பொதுக்கிணற்றில் குளித்தல், உணவுப்பண்டம் செய்து விற்றல், வாடகை வண்டி ஓட்டுதல் போன்றவற்றைத் தடுக்கும் அதிகாரமும் அதில் உண்டு. கைதுப் பிரிவோ வறியவர்க்கு மட்டுமே உரியது. அதே நோய் மாடிவீட்டில் இருந்தால் காவலர் கதவைத் தட்டமாட்டார். இத்தனைக்கும், 1890-91இல் இந்தியா முழுதும் சுற்றி ஆராய்ந்த தொழுநோய் ஆணைக்குழு, இந்நோய் தொற்றிப் பரவுவது மிகக் குறைவென்றே அறிக்கை தந்திருந்தது. அறிவு ஒருபுறம் சொல்ல, அச்சம் மறுபுறம் சட்டம் இயற்றிற்று. மத்திய சட்டத் தொகுப்பிலிருந்து இது நீக்கப்பட்டது 2016இல்தான்.

ஈண்டு ஒன்று நினைவுக்கு வருகிறது. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீபா முதலாம் வலீத், தொழுநோயாளர்க்கு உதவித்தொகை வழங்கி, எவரிடமும் இரக்க வேண்டாமெனக் கட்டளையிட்டதை வரலாற்றாசிரியர் தபரி குறித்துள்ளார். இரப்பதை நிறுத்த இவ்வாறும் ஒரு வழி இருந்தது.

அடுத்துக் கண்டது எம் சமுதாயத்தோடு நேரே தொடர்புடையது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண நீக்கச் சட்டம், மனைவி மணவிலக்குக் கோருவதற்குரிய காரணங்களுள் கணவனின் தொழுநோயையும் ஒன்றாக வைத்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் இதனையும், கிறித்தவர், இந்துக்கள் ஆகியோர்க்கான சட்டங்களிலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த இத்தகைய விதிகளையும் நீக்கியது. இதனை எம் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கூறியபோது, “பெண்ணுக்கு இருந்த ஒரு வாசலை அடைப்பதா உங்கள் மனித உரிமை, தம்பி?” என்று கேட்டார். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று அது. அச்சட்டம் பெண்ணின் துயர்நீக்கவே பிறந்தது. 1939இல் இந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. கணவனோடு ஒரே கூரையின்கீழ் வாழ அஞ்சிய பெண்ணுக்கு அஃது அருளாகவே அமைந்தது. ஆயின் 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு முதல் பன்னிரண்டு திங்களில் நோய் குணமாகிறது, மருந்தோ இலவசம். கொடுமை இழைப்பவனிடமிருந்தும், ஈராண்டு சோறிடாதவனிடமிருந்தும் விலக அதே 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாசல்கள் திறந்தே உள்ளன, குலாவும் உண்டு. மூடப்பட்டது, குணமாகக்கூடிய நோயைக் குற்றமாக்கிய வாசல் மட்டுமே என்பது எம் துணிபு. பெரியவர் முழுதும் உடன்படவில்லை. அவருடைய ஐயத்தையும் ஆய்வேட்டில் சேர்த்தோம்.

நீதிமன்றமும் எப்போதும் கைகொடுத்ததில்லை. ஒடிசாவில் உள்ளாட்சி அமைப்பொன்றுக்குத் தேர்வான ஒருவர் தொழுநோயின் காரணமாகப் பதவி இழந்த வழக்கில், 2008இல் உச்சநீதிமன்றம் அத்தகுதியிழப்பு செல்லுமென்றே தீர்த்தது. அவ்விதி இன்னும் வேண்டுமா எனச் சட்டமன்றம் சிந்திக்கலாமென்று ஒரு சொல் சேர்த்ததோடு சரி. 2015இல் சட்ட ஆணையம் தன் 256ஆம் அறிக்கையில் இப்பாகுபாடுகளைக் களையத் தனிச்சட்டமே வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2019இல் வந்ததோ ஐந்து சட்டங்களைத் தொட்ட ஒரு திருத்தம்.

இவ்வளவும் நூலகத்தில் அமர்ந்து எழுதியவை. எம் பேராசிரியர், “ஒருவரையாவது நேரில் கண்டீர்களா?” என்று கேட்டதன் பின்னரே, குணமடைந்தோர் வாழும் குடியிருப்பொன்றுக்குச் சென்றோம். முதியவர் ஒருவர் எம்மைத் திண்ணையில் அமர்த்தித் தேநீர் வருவித்தார். மூவருள் ஒருவர் குவளையைக் கையில் வாங்கி, அருந்தாமல் கீழே வைத்துவிட்டார். அவர் யாரென இங்கு எழுத வேண்டியதில்லை; ஏனைய இருவரும் முதல் மிடறுக்குமுன் ஒரு கணம் தயங்கினோம் என்பதை எழுதியாக வேண்டும். சட்டத்தைக் குறைகூறி நாற்பது பக்கம் எழுதிய கைகள் அவை. முதியவர் கண்டும் காணாதவர்போல் பேச்சைத் தொடர்ந்தார். அவருக்கு அது புதிதன்று போலும்.

அவருக்கு நோய் நீங்கி முப்பதாண்டு ஆயிற்று. சட்டங்கள் நீக்கப்பட்ட செய்தியைச் சொன்னோம். “நல்லது, தம்பி” என்றார். பின்பு தம் விரல்களைக் காட்டினார். நுனிகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஓய்வூதியத்துக்கென விரல்ரேகை வைக்கும் இயந்திரம் அவற்றை ஏற்கவில்லையாம். மும்முறை சென்று மீண்டிருக்கிறார். எந்தச் சட்டமும் அவரை விலக்கவில்லை. இயந்திரத்தைச் செய்தவர் இப்படியும் விரல்கள் இருக்குமென எண்ணவில்லை, அவ்வளவே.

விரல்ரேகை பதிவாகாதோர்க்கு விதிகளில் விலக்கு உண்டென்பதை அறிந்து, அவர் சார்பில் விண்ணப்பம் எழுதினோம். அலுவலகத்தில் வாங்கிய படிவத்தைக் குடியிருப்புக்குக் கொண்டுசென்று நிரப்பினோம். இறுதிப் பக்கத்தின் அடியில், கையொப்பம் இட இயலாதோர் இடக்கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டுமென்று அச்சிட்டிருந்தது.